சன் யாட் சென்: நான்கு ஆண்டுகள் காத்திருந்த இறுதிப் பயணம்

1929ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி. பெய்ஜிங் நகரின் மேற்குப் புறத்து மலையடிவாரத்தில் இருக்கும் பியூன் புத்தர் கோயிலிலிருந்து ஒரு பேழை வெளியே எடுத்து வரப்பட்டது. நகரின் ரயில் நிலையம்வரை ஊர்வலமாகச் சென்ற அந்தப் பேழை, அங்கே காத்திருந்த சிறப்பு ரயிலில் ஏற்றப்பட்டது. இரண்டு நாள் பயணத்துக்குப் பிறகு ரயில் யாங்சே ஆற்றங்கரையை அடைந்தது. அங்கிருந்து ஒரு போர்க்கப்பல் பேழையைச் சுமந்து ஆற்றைக் கடந்து நான்ஜிங் நகருக்குக் கொண்டு சேர்த்தது.

பேழையில் இருந்தவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. அவர்தான் சீனக் குடியரசின் முதல் தற்காலிக அதிபரான டாக்டர் சன் யாட் சென்.

சிங்கப்பூரின் பாலஸ்டியர் வட்டாரத்திலும் பினாங்கின் ஆர்மீனியன் சாலையிலும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வீடுகள் உண்டு. அந்த வழியாகப் போய் வரும் இளையர் பலருக்கு அவர் யார் என்பது தெரிந்திருக்கலாம். ஆனால் அவருடைய இறுதிச் சடங்கு ஏன் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போனது என்ற கதை அவ்வளவாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால் அவருடைய வாழ்க்கையும் தெளிவாகப் புரியும்.

கிராமத்துச் சிறுவன்

1866ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் உள்ள சுய்ஹெங் என்ற சிற்றூரில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் சன் யாட் சென் பிறந்தார். அவருடைய அண்ணன் சன் மெய் ஹவாய்த் தீவுகளுக்குப் பிழைக்கச் சென்று பண்ணை வைத்து முன்னேறியவர். 1879ஆம் ஆண்டு, 12 வயதில், தம்பியும் அங்கே சென்றார். ஹொனலுலுவில் இருந்த இயோலானி என்னும் கிறிஸ்துவப் பள்ளியில் ஆங்கிலம் கற்றார்.

1883இல் ஊர் திரும்பிய இளைஞருக்குப் பழைய வழக்கங்கள் எதுவும் பிடிக்கவில்லை. நண்பர் லூ ஹாவ்டோங்குடன் சேர்ந்து ஊர்க் கோயிலில் இருந்த சிலையைச் சேதப்படுத்தினார். ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஹாங்காங் சென்று படிப்பைத் தொடர்ந்தார். அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றார். 1892இல் ஹாங்காங் மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று மருத்துவரானார்.

ஆனால் நோயாளிகளைக் குணப்படுத்துவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. அப்போது சீனாவை ஆண்டது மஞ்சு இனத்தவரின் சிங் வம்சம். அந்நிய நாடுகளிடம் போருக்குப் போர் தோற்று, நாடு நலிந்துகொண்டிருந்தது. 1894இல் சீர்திருத்த யோசனைகளை விளக்கி, அரசாங்கத்தில் செல்வாக்கு மிக்க லீ ஹொங்ஷாங்குக்கு நீண்ட மனு ஒன்றை எழுதினார். அதற்குப் பலன் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹொனலுலுவில் சீன மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார். மனு எழுதிய மருத்துவர் புரட்சியாளராக மாறினார்.

1895இல் குவாங்சோ நகரில் அவர் திட்டமிட்ட முதல் எழுச்சி தொடங்கும் முன்பே அம்பலமானது. கோயில் சிலை விவகாரத்தில் உடனிருந்த அதே லூ ஹாவ்டோங் பிடிபட்டு மரண தண்டனை அடைந்தார். சன் தப்பியோடினார். அதன்பின் பதினாறு ஆண்டுகள் அவருக்குச் சொந்த நாட்டில் இடமில்லை.

லண்டனில் பன்னிரண்டு நாள்

1896 அக்டோபரில் லண்டன் சென்ற அவரை அங்கிருந்த சீனத் தூதரகத்தினர் உள்ளே இழுத்துச் சென்று அறையில் பூட்டினர். இரகசியமாகக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்புவது அவர்கள் திட்டம். போயிருந்தால் தலை தப்பியிருக்காது. தூதரகத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பணியாளர் ஒருவர் மூலம், ஹாங்காங்கில் தமக்கு ஆசிரியராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் கேன்ட்லிக்குச் சன் தகவல் அனுப்பினார். கேன்ட்லி காவல்துறை, வெளியுறவு அமைச்சு, நாளிதழ் என ஒவ்வொரு கதவாகத் தட்டினார். செய்தி பத்திரிகையில் வெளியானது. பிரிட்டிஷ் அரசாங்கம் தலையிட்டது. பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு சன் விடுதலையானார்.

அதுவரை சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த பெயர் அதன் பிறகு உலகமெங்கும் தெரிந்த பெயரானது. அவரை ஒழித்துக்கட்ட நினைத்தவர்களே அவரைப் பிரபலமாக்கிவிட்டனர்.

நம் மண்ணில்

சிங்கப்பூருடன் அவருக்கு இருந்த தொடர்பு இனிமையாகத் தொடங்கவில்லை. 1900ஆம் ஆண்டு, இங்கே கைதான ஜப்பானிய நண்பர் ஒருவரை மீட்க வந்தார். அதிகாரிகள் நண்பரை விடுவித்து இருவரையும் வெளியேற்றினர். ஐந்து ஆண்டுகள் சன் இங்கே கால் வைக்கக்கூடாது என்றும் தடை விதித்தனர்.

தடை முடிந்ததும் திரும்பி வந்தார். 1905இல் தோக்கியோவில் பல புரட்சிக் குழுக்களை ஒன்றிணைத்துத் தோங்மெங்ஹுய் என்னும் கூட்டணிச் சங்கத்தை அவர் அமைத்திருந்தார். 1906இல் அதன் சிங்கப்பூர்க் கிளை உருவானது. வணிகர் தியோ எங் ஹாக் தம் தாயாருக்காக வாங்கியிருந்த பாலஸ்டியர் பங்களாவே அதன் தலைமையகம். வான் சிங் யுவான் என்று அழைக்கப்பட்ட அந்த வீடுதான் இன்றைய சன் யாட் சென் நன்யாங் நினைவு மண்டபம். 1907, 1908ஆம் ஆண்டுகளில் தென்சீனாவில் நடந்த எழுச்சிகளில் மூன்று அங்கே திட்டமிடப்பட்டவை. மூன்றும் தோற்றன.

தோல்விக்கு மேல் தோல்வி வந்தபோது பணம் கொடுத்தவர்கள் களைத்துப்போயினர். 1910இல் சன் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பினாங்குக்கு மாற்றினார். அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, டத்தோ கிராமட் சாலையில் இருந்த ஒரு வீட்டில் முக்கியமான கூட்டம் நடந்தது. அதுவரை நடந்த எழுச்சிகள் ஒன்றுகூட வெல்லவில்லை. இன்னும் ஒரேயொரு பெருமுயற்சிக்கு உதவுங்கள் என்று அவர் மன்றாடினார். அங்கேயே 8,000 வெள்ளிக்கு மேல் திரண்டது.

கொடுத்தவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். தென்கிழக்காசியா எங்கும் சிறு கடைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைத் தந்தனர். வியட்னாமின் சோலோன் பகுதியில் முளைகட்டிய பயறு விற்று வாழ்ந்த ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பையே கொடுத்தார். ஹவாயில் செல்வந்தராக இருந்த அண்ணன் சன் மெய், தம்பியின் இலட்சியத்துக்குக் கொடுத்துக் கொடுத்தே பண்ணையை இழந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் பினாங்கில் குவோங் வா நாளிதழ் தொடங்கப்பட்டது. அது இன்றுவரை வெளிவருகிறது. அதே மாதம் பிரிட்டிஷ் அதிகாரிகள் சன்னை வெளியேறச் சொன்னார்கள். அவர் மேற்கு நோக்கிக் கப்பலேறினார். மனைவியும் இரண்டு மகள்களும் பினாங்கிலேயே தங்கினர். அவர்களுடைய வீட்டுச் செலவுக்கு அங்கிருந்த தோழர்கள் மாதந்தோறும் பணம் திரட்டிக் கொடுத்தனர்.

பினாங்கில் திட்டமிட்ட எழுச்சி 1911 ஏப்ரல் 27ஆம் தேதி குவாங்சோவில் வெடித்தது. அதுவும் தோற்றது. மாண்டவர்களில் 72 பேரின் உடல்கள் மஞ்சள் மலர்க் குன்றில் புதைக்கப்பட்டன. அவர்களில் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்ற இளைஞர்களும் உண்டு.

வெற்றி வந்தபோது அவர் அங்கில்லை

1911 அக்டோபர் 10ஆம் தேதி வூசாங் நகரில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். இம்முறை தீ அணையவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் பரவியது. அப்போது சன் எங்கே இருந்தார் தெரியுமா? அமெரிக்காவின் டென்வர் நகரில். நாளிதழைப் படித்துத்தான் செய்தியைத் தெரிந்துகொண்டார்.

உடனே ஓடி வரவில்லை. புதிய அரசுக்கு எதிராக வல்லரசுகள் தலையிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்று கருதி லண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றார். பிறகு பினாங்கு, சிங்கப்பூர் வழியாகப் பயணம் செய்து டிசம்பர் 25ஆம் தேதி ஷாங்காய் அடைந்தார். 1912 ஜனவரி 1ஆம் தேதி நான்ஜிங்கில் தற்காலிக அதிபராகப் பதவியேற்றார்.

பிப்ரவரி 12ஆம் தேதி ஆறு வயதுச் சிறுவனான பேரரசர் பூயி முடி துறந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த பேரரசு முறை முடிவுக்கு வந்தது. மறுநாளே சன் பதவி விலகல் கடிதத்தை அளித்தார். வடக்கே பெரும் படையைக் கையில் வைத்திருந்த யுவான் ஷிகாய், அதிபர் பதவி தமக்குக் கிடைத்தால் பேரரசரை விலகச் செய்வதாகப் பேரம் பேசியிருந்தார். உள்நாட்டுப் போரைத் தவிர்க்க சன் அதற்கு இணங்கினார். மூன்றே மாதங்களில் ஏப்ரல் முதல் தேதி பொறுப்பிலிருந்து முழுமையாக விலகினார்.

பதவியை விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையா, பெரும் பிழையா? வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி இது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற கோமிந்தாங் கட்சித் தலைவர் சொங் ஜியாவ்ரென் சுட்டுக் கொல்லப்பட்டார். யுவான் ஷிகாய் சர்வாதிகாரியானார். பின்னர் தம்மைப் பேரரசராகவே அறிவித்துக்கொண்டார். சன் மீண்டும் ஜப்பானுக்குத் தப்பியோடினார்.

அந்தக் கசப்பு அவரையும் மாற்றியது. 1914இல் தொடங்கிய புதிய கட்சியில் சேருவோர் தமக்கே கீழ்ப்படிவதாக உறுதிகூறிக் கைரேகை வைக்க வேண்டும் என்றார். குடியரசுக்காகப் போராடியவர் தனிமனித விசுவாசம் கேட்பதா என்று பழைய தோழர்கள் சிலர் விலகினர். 1915இல் தம்மைவிட 26 வயது இளையவரான சூங் சிங் லிங்கை அவர் மணந்துகொண்டதும் பலருக்குப் பிடிக்கவில்லை. குறையே இல்லாத தலைவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

1916இல் யுவான் இறந்தபின் நாடு படைத்தலைவர்களின் கைகளில் துண்டு துண்டானது. சன் குவாங்சோவில் மாற்று அரசாங்கம் அமைத்தார். 1922இல் அவருடைய சொந்தப் படைத்தலைவர் ஒருவரே அவர் மாளிகையைத் தாக்கினார். சன் ஒரு போர்க்கப்பலில் அடைக்கலம் புக நேர்ந்தது. மீண்டும் எழுந்தார். 1924இல் கட்சியைச் சீரமைத்தார், சோவியத் உதவியுடன் வாம்போவா இராணுவக் கல்விக்கழகத்தைத் தொடங்கினார், கம்யூனிஸ்டுகளையும் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார்.

கடைசிப் பயணம்

1924ஆம் ஆண்டின் இறுதியில் பெய்ஜிங்கில் ஆட்சி மாறியது. நாட்டை ஒன்றிணைப்பது குறித்துப் பேச வருமாறு அழைப்பு வந்தது. எதிரிகளின் கோட்டைக்குப் போவது ஆபத்து என்று பலர் தடுத்தனர். உடல்நிலையும் சரியில்லை. ஆனாலும் புறப்பட்டார். வழியில் ஜப்பானின் கோபே நகரில் ஆற்றிய உரையில், மேற்கத்திய வல்லரசுகளைப்போல் அடக்கியாளப்போகிறதா அல்லது ஆசிய மக்களுடன் நீதியின் பக்கம் நிற்கப்போகிறதா என்பதை ஜப்பான் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு ஜப்பான் தந்த பதிலைப் பின்னாளில் நம் மண்ணும் பட்டறிந்தது.

டிசம்பர் 31ஆம் தேதி பெய்ஜிங் சேர்ந்தபோது அவரால் நிற்கவும் முடியவில்லை. 1925 ஜனவரி 26ஆம் தேதி அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், புற்றுநோய் முற்றிவிட்டதைக் கண்டனர்.

மார்ச் 11ஆம் தேதி அவர் தம் உயில்களில் கையெழுத்திட்டார். நடுங்கிய கையை மனைவி தாங்கிப் பிடித்துக்கொண்டார். நாட்டுக்கு எழுதிய உயிலில், புரட்சி இன்னும் முடியவில்லை, தோழர்கள் அதைத் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். குடும்பத்துக்கு எழுதியதில் மனைவிக்கு விட்டுச்சென்றவை புத்தகங்கள், உடைகள், ஷாங்காயில் ஒரு வீடு. அந்த வீடும் வெளிநாட்டுச் சீனர்கள் அவருக்குத் தந்தது. முப்பது ஆண்டுகளாகப் பெரும் தொகைகள் கைமாறிய ஒருவரின் சொத்துப் பட்டியல் அவ்வளவுதான்.

மறுநாள், மார்ச் 12ஆம் தேதி காலையில், 58 வயதில் அவர் உயிர் பிரிந்தது.

முதல் இறுதி ஊர்வலம்

உடல் பதப்படுத்தப்பட்டது. மார்ச் 19ஆம் தேதி மருத்துவமனைத் தேவாலயத்தில் கிறிஸ்துவ முறைப்படி பிரார்த்தனை நடந்தது. பிறகு நகரின் மத்தியப் பூங்காவுக்கு உடல் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே பல நாள்கள் வரிசையில் நின்று இலட்சக்கணக்கான மக்கள் அஞ்சலி செலுத்தினர். பிற்காலத்தில் அந்தப் பூங்காவுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

சன் விரும்பிய இடம் நான்ஜிங்கில் உள்ள ஊதா மலை. தாம் அதிபராக இருந்த நகரில், குடியரசு பிறந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அப்போது நான்ஜிங் அவர் கட்சியின் கையில் இல்லை; சமாதியும் கட்டப்படவில்லை. ஆகவே ஏப்ரல் 2ஆம் தேதி பேழை பியூன் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஒரு காலத்தில் ஊர்க் கோயில் சிலையை உடைத்து விரட்டப்பட்டவருக்கு இப்போது ஒரு கோயில்தான் இடம் கொடுத்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் துயரம் ஆழமாக இருந்தது. 1927 மார்ச் 12ஆம் தேதி அவருடைய இரண்டாம் ஆண்டு நினைவுக் கூட்டம் சிங்கப்பூரின் ஹேப்பி வேலி பூங்காவில் நடந்தது. கூட்டத்தின் ஒரு பகுதியினர் கிரேத்தா ஆயர் காவல் நிலையப் பக்கம் ஊர்வலமாகச் சென்றபோது மோதல் மூண்டது. காவல்துறையினர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். இறந்த தலைவரின் பெயர்கூட ஆட்சியாளர்களை அச்சுறுத்திய காலம் அது.

இரண்டாவது இறுதி ஊர்வலம்

சமாதிக்கான வடிவமைப்புப் போட்டி 1925இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற இளம் கட்டடக் கலைஞர் லூ யான்ஜி வென்றார். மேலிருந்து பார்த்தால் மணி வடிவில் தோன்றும் திட்டம் அவருடையது. உறங்கும் மக்களை எழுப்பும் மணி என்று அதற்குப் பொருள் கொண்டனர். மறு ஆண்டு மார்ச் 12ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் முடிவதற்குள் லூ யான்ஜியும் புற்றுநோயால் இறந்துபோனார்.

இதற்கிடையே சியாங் கை ஷேக் தலைமையிலான கோமிந்தாங் படை வடக்கு நோக்கிப் புறப்பட்டு, 1928இல் பெய்ஜிங்கைக் கைப்பற்றியது. தலைநகரம் நான்ஜிங் ஆனது. நிறுவனரை அவர் விரும்பிய இடத்துக்குக் கொண்டுவருவது புதிய அரசாங்கத்தின் முதல் பெரும் கடமையானது. பேழை வரும் பாதைக்காகவே நான்ஜிங்கில் அகன்ற சாலை ஒன்று அமைக்கப்பட்டது.

மூன்று நாள் அஞ்சலிக்குப் பிறகு, 1929 ஜூன் 1ஆம் தேதி ஊர்வலம் ஊதா மலைக்குப் புறப்பட்டது. 392 படிகளின் மேலே நீல ஓடு வேய்ந்த மண்டபத்தின் பின்புறம், வட்ட வடிவ அறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தச் சடங்கு முழுக்க முழுக்கத் துயரம் மட்டுமே அல்ல, அரசியலும்தான். 1927இல் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியிருந்தார். சன் ஒன்றுசேர்த்த கூட்டணி இரத்தத்தில் முடிந்திருந்தது. அதைக் கண்டித்து நாட்டைவிட்டுச் சென்றிருந்த சூங் சிங் லிங், கணவரை அடக்கம் செய்ய ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தார். தாம் சடங்கில் கலந்துகொள்வதை இந்த அரசாங்கத்துக்கு அளிக்கும் ஆதரவாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். சியாங் கை ஷேக் அவருடைய தங்கையின் கணவர் என்பதை நினைத்தால் அந்தத் துணிவு இன்னும் நன்றாக விளங்கும்.

இன்று சீனாவும் தைவானும் பல விஷயங்களில் முரண்பட்டாலும் சன் யாட் சென்னை இரண்டுமே போற்றுகின்றன. தைவானில் அவர் தேசத்தந்தை. சீனாவில் அவர் புரட்சியின் முன்னோடி.

நமக்கு அருகில்

தியோ எங் ஹாக்கின் மருமகன் லிம் நீ சூன், சிங்கப்பூர்ப் புரட்சிக் கிளையின் தூண்களில் ஒருவர். அன்னாசி, ரப்பர்த் தொழிலில் உயர்ந்த அவர் பெயரில்தான் நீ சூன் வட்டாரமும் ஈசூன் நகரும் வழங்குகின்றன. 1936இல் ஷாங்காயில் இறந்த அவர், சன் யாட் சென் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இங்கிருந்து சென்ற ஒருவர், தாம் பணமும் உழைப்பும் கொடுத்த தலைவரின் பக்கத்திலேயே உறங்குகிறார்.

சன் யாட் சென் வாழ்நாளில் ஒன்றுபட்ட சீனாவைக் காணவில்லை. அதிபராக இருந்தது மூன்றே மாதம். முதல் பத்து எழுச்சிகளில் ஒன்றுகூட வெல்லவில்லை. வென்ற எழுச்சியின்போது அவர் கடல் கடந்து இருந்தார். கணக்குப் பார்த்தால் தோல்விகளே அதிகம். ஆனாலும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் திரும்பி வந்து, ஏமாந்துபோன மக்களின் முகத்தைப் பார்த்துப் பேசி, மீண்டும் உதவி கேட்டார். அவர்களும் மீண்டும் கொடுத்தார்கள்.

அடுத்த முறை பாலஸ்டியர் நினைவு மண்டபத்துக்கோ ஆர்மீனியன் சாலை 120ஆம் எண் வீட்டுக்கோ போகும் மாணவர்கள், அங்கே மாட்டியிருக்கும் பழைய புகைப்படங்களைச் சற்று நின்று பாருங்கள். நடுவில் அமர்ந்திருப்பவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். அவரைச் சுற்றி நிற்பவர்களையும் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்கள், வணிகர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஊதா மலையில் அந்த 392 படிகள் எழும்பியிருக்காது.